நாடு சரிகிறது என்பதற்கு வேதம் காட்டும் அடையாளங்கள்: செட்டிநாட்டு விசுவாசிகள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் வேதபாடம் எடுக்கிறேன். பாடம் முடிந்து காபி வரும் நேரத்தில்தான் மனசில் இருக்கிற கேள்விகள் வெளியே வரும். கொஞ்ச காலமாக எல்லாம் ஒரே பக்கம் திரும்புகின்றன: நாடு எங்கே போகிறது, இதை வேதம் முன்னமே சொல்லியிருக்கிறதா, நாம் என்ன செய்ய வேண்டும்? அடிக்கடி வந்த கேள்விகளைப் பதில்களோடு இங்கே எழுதியிருக்கிறேன். வேதாகமத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஒரு தேசம் ஒழுக்கத்தில் சரிகிறது என்று வேதம் எதை வைத்துச் சொல்கிறது?

ஏசாயா 5-ஆம் அதிகாரத்தை எடுங்கள். தொடக்கத்தில் ஒரு திராட்சத்தோட்டப் பாட்டு. தோட்டக்காரர் நிலத்தைச் சீர்படுத்தி, கல்லைப் பொறுக்கி, நல்ல செடியை நட்டு, காவலுக்குக் கோபுரமும் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார். வந்தது கசப்புப் பழம். அவர் எந்தப் பழத்துக்காகக் காத்திருந்தார் என்பதை 7-ஆம் வசனம் சொல்கிறது: நியாயத்துக்கும் நீதிக்கும். கிடைத்தது கொடுமையும், ஒடுக்கப்பட்டவர்களின் முறைப்பாடும்.

அதன் பிறகு ஆறு முறை "ஐயோ" வருகிறது. மற்றவர்களுக்கு இடமில்லாமல் போகுமட்டும் வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்ப்பவர்கள் முதலில். விடிந்தது முதல் இருட்டும்வரை குடிப்பவர்கள் அடுத்து. பாவத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவர்கள். தீமையை நன்மை என்றும் நன்மையைத் தீமை என்றும் சொல்பவர்கள். தங்கள் பார்வைக்குத் தாங்களே ஞானிகளாக இருப்பவர்கள். கடைசியாக, குடியில் வீரம் காட்டிவிட்டு, நியாயஸ்தலத்தில் லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றவாளியை நல்லவன் என்று விடுவிப்பவர்கள். வருஷக் கடைசியில் கடையின் ஐந்தொகை போட்டுப் பார்ப்பதுபோல ஒரு தேசத்தின் கணக்கை ஏசாயா போட்டுக் காட்டுகிறார். முதல் வரியிலேயே நிலமும் வீடும் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வார்த்தைகள் பஞ்ச காலத்தில் சொல்லப்பட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். ஏசாயாவின் நூற்றாண்டிலேயே வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்தில் பேசிய ஆமோஸ், இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் நாட்களில் நின்று பேசினார். இஸ்ரவேல் பணத்தில் புரண்ட காலம் அது. யானைத்தந்தக் கட்டில்களில் படுத்துக்கொண்டு, கொழுத்த கன்றுகளைத் தின்று, பாட்டு இசைத்துக்கொண்டிருந்தவர்களை ஆமோஸ் 6-ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். 1930-களில் சமாரியாவைத் தோண்டியபோது யானைத்தந்த வேலைப்பாட்டுத் துண்டுகள் நிறையவே கிடைத்தன. கி.மு. 722 வாக்கில் அசீரியர்களிடம் அந்த நகரம் விழுந்தது. ஆமோஸ் பேசி சுமார் நாற்பது வருஷம்தான் ஆகியிருந்தது. ஆகவே பொருளாதாரம் வளர்கிறது, ஊரில் புதுக் கார்கள் ஓடுகின்றன என்பதை வைத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேதம் இடம் கொடுக்கவில்லை.

"பெரிய வீடுகள் குடியில்லாமல் கிடக்கும் என்று ஏசாயா 5:9-ல் இருக்கிறதே, அது நம்ம ஊரைத்தானே அண்ணே?"

இந்தக் கேள்வி வராத ஊரே இல்லை. "மெய்யாகவே அநேகம் வீடுகள் பாழாகும், பெரியவைகளும் நேர்த்தியானவைகளுமான வீடுகள் குடியில்லாதிருக்கும்" என்பதை வாசித்துவிட்டு கானாடுகாத்தான் தெருவில் நடந்தால் யாருக்கும் நெஞ்சில் தைக்கும். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முகப்பு, பட்டாசாலை, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடு. உள்ளே வயதான ஆச்சி ஒருவரோ, ஒரு காவல்காரரோ மட்டும். பல வீடுகளில் அதுவும் இல்லை. கதவும் நிலையும் பிரிக்கப்பட்டுப் பழம்பொருள் கடைக்குப் போய்விட்டன.

ஆனாலும் "இது நகரத்தார் (இந்த வீடுகளைக் கட்டிய செட்டியார்கள்) மேல் வந்த தண்டனை" என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். அந்த வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கு நாம் அறிந்த காரணங்கள் உண்டு. பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கொடுத்து வாங்கும் தொழில் செய்ய, போன சமூகம் இது. 1930-களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கீழ் பர்மாவில் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. 1930-ல் அங்கே முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுமார் 25 சதவீதம். பலர் அந்த நிலத்தை ஆசைப்பட்டு வாங்கவில்லை, கொடுத்த பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வேதனையும் உண்மையே. அப்புறம் ஜப்பானியப் படையெடுப்பு, 1942-ல் உயிர் தப்பி ஓடிவந்தது, 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றதும் வந்த நில தேசியமயம். இங்கே வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டு மாற்ற முடியும் என்ற நிலை. பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள்.

இத்தனை கண்ணீரும் கணக்கும் கலந்த சரித்திரத்தின் மேல் ஒரே வசனத்தை ஒட்டிவிட்டுப் போக நமக்கு அதிகாரம் யார் கொடுத்தது? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்வியை இயேசுவே எடுத்து, இல்லை என்றார். அடுத்த வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு: "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" (லூக்கா 13:5).

ஏசாயாவின் வசனத்தை நாம் வாசிக்க வேண்டிய விதமும் அதுவே. இன்றைக்கு வயலோடு வயலைக் கூட்டுவது யார்? கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயை மூடி மனை போடுவது யார்? ஊருணிக் கரையில் இரண்டடி உள்ளே தள்ளி சுவர் எழுப்புவது யார்? மழைநீர் ஒவ்வொரு தெருவாக வடிந்து ஊருணிக்குப் போய்ச் சேரும்படி நம் முன்னோர்கள் இந்த வறண்ட பூமியில் ஊரையே திட்டமிட்டுக் கட்டினார்கள். பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடாதே என்று உபாகமம் 19:14-ல் இருக்கிறது. அந்த மனைகளில் ஒன்றை வாங்கி வீடு பிரதிஷ்டை ஜெபத்துக்கு என்னை அழைத்தவர்களும் உண்டு. அவர்களிடம் பத்திரத்தைப் பற்றியும் கால்வாயைப் பற்றியும் கேட்காமல் நான் ஜெபம் பண்ணுவதில்லை.

வியாபாரத்தைப் பற்றித் தீர்க்கதரிசிகள் ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏழை மனுஷன் அநியாயத்தை முதலில் சந்திக்கும் இடம் கடை. ஆமோஸ் 8:5-ல் வியாபாரிகள் பொறுமையில்லாமல் காத்திருக்கிறார்கள்: மாதப்பிறப்பு எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சின்னதாக்கி, எடையைப் பெரிதாக்கி, கள்ளத்தராசில் நிறுத்து தானியம் விற்கலாமே என்று. ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போதே மனசு கள்ளத்தராசுக்குப் போய்விட்டது. உமியை விற்கலாம் என்றுகூட யோசிக்கிறார்கள் (8:6). ரேஷன் கடை வாசலில் நின்ற யாருக்கும் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

தராசோடு சேர்த்துக் கூலியையும் பாருங்கள். வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய காதில் விழுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. சித்தாள், சமையல் உதவிக்கு வரும் அக்கா, செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடக்கும் குடும்பம், இவர்கள் யாருடைய கூலியாவது நம் கையில் நிற்கிறதா?

வட்டித் தொழில் செய்யும் விசுவாசிகள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். கடன் கொடுத்து வாங்குவதில் பேர் பெற்ற பூமியில் இந்தக் கேள்வியை மழுப்பக் கூடாது. நெகேமியா 5-ஐ வாசியுங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) பாதி எழும்பிக்கொண்டிருக்கும்போது ஜனங்கள் கூக்குரலிடுகிறார்கள்: பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடமானம் வைத்தோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது பிள்ளைகளையே அடிமையாகக் கொடுக்கிறோம் என்று. கடன் கொடுத்தவர்களும் யூதர்கள், வாங்கியவர்களும் யூதர்கள். வெளியே எதிரி நிற்கிறான். உள்ளே சகோதரனே சகோதரனை விழுங்குகிறான்.

நெகேமியாவின் அடுத்த செயல்தான் என்னை அசைக்கிறது. பிரபுக்களையும் அதிகாரிகளையும் ஒரு பெரிய சபையைக் கூட்டிக் கடிந்துகொள்கிறார். கூடவே, நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும் கடன் கொடுத்திருக்கிறோம், இந்த வட்டியை விட்டுவிடுவோம் என்று தன்னையும் அதே வரிசையில் நிறுத்துகிறார். நிலமும் தோட்டமும் வீடும் இன்றைக்கே திரும்ப வேண்டும் என்கிறார். ஜனங்கள் ஆமென் என்கிறார்கள், சொன்னபடி செய்கிறார்கள்.

நம் ஊரில் வாரக் குழுக்கடன் வாங்கிய பெண்கள் எத்தனை பேர், ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் சேர்ந்துகொண்டு, திங்கட்கிழமை வந்தாலே நடுங்குகிறார்கள்! அதற்கும் மேலே தண்டல், மீட்டர் வட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வருவதற்கு முன்பாகவே மோசேயின் நியாயப்பிரமாணம் இருந்தது: எளியவனிடம் வட்டி வாங்காதே, அவன் போர்வையை அடகு வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடு, அவன் எதைப் போர்த்திப் படுத்துக்கொள்வான் (யாத்திராகமம் 22:25-27). அப்படிப்பட்ட தொழிலிலிருந்து வரும் காணிக்கையைச் சபை வாங்கக் கூடாது என்பது என் துணிபு. இதைச் சொன்னதால் சில வீட்டுக் கூட்டங்களுக்கு என்னை அழைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஓட்டுக்குப் பணம் வாங்குவதையும் இதில் சேர்ப்பீர்களா?

கண்டிப்பாக. லஞ்சத்தைப் பற்றி வேதம் சொல்கிறது: "பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்" (யாத்திராகமம் 23:8). பணம் பட்டுவாடா ஆனதால் தேர்தலையே நிறுத்திய ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு: 2016-ல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-ல் சென்னை ஆர்.கே.நகர் இடைத்தேர்தல், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. "எல்லோரும் வாங்குகிறார்கள், நம் வரிப்பணம்தானே" என்று விசுவாசிகளே சொல்கிறார்கள். பணம் வாங்கியவன் அடுத்த ஐந்து வருஷம் தாசில்தார் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் லஞ்சம் கேட்கும்போது வாய் திறக்க முடியாது. ஒலிமுகவாசலில், அதாவது வழக்கு விசாரிக்கும் ஊர் வாசலில், நியாயம் பேசுகிறவனைப் பகைக்கிறார்கள், ஆகவே புத்தியுள்ளவன் மௌனமாயிருப்பான் என்று ஆமோஸ் 5-ல் வருகிறதே, அந்த மௌனம் ஒரு வீட்டில் ஆரம்பிப்பது இப்படித்தான்.

பாலியல் ஒழுக்கக்கேட்டைப் பற்றி நீங்கள் குறைவாகப் பேசுகிறீர்கள் என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு.

வேதம் அதை மறைக்கவில்லை, நானும் மறைக்க மாட்டேன். தாவீதின் பாவம், ஓசியாவின் வீட்டு வேதனை, ரோமர் 1-ஆம் அதிகாரம் எல்லாம் இருக்கின்றன. கையில் இருக்கும் செல்போன் வழியாக நம் பிள்ளைகளின் மனசுக்குள் என்ன போகிறது என்பது தகப்பன்மார்கள் தூக்கத்தை விட்டு யோசிக்க வேண்டிய காரியம்.

ஆனால் ஆமோஸ் 2:7-ஐப் பாருங்கள். ஏழையின் தலைமேல் மண் விழ வேண்டும் என்று வாஞ்சிப்பவர்களும், மகனும் தகப்பனும் ஒரே பெண்ணிடம் போவதும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அடுத்த வசனத்தில் அவர்கள் பலிபீடத்துக்குப் பக்கத்தில், அடகாக வாங்கிய ஏழையின் வஸ்திரத்தின் மேல் படுத்திருக்கிறார்கள். இச்சை, பேராசை, போலி பக்தி மூன்றும் ஒரே பாயில் கிடக்கின்றன. ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பிரசங்கித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் தீர்க்கதரிசியின் வார்த்தையில் பாதியைத் திருடுகிறோம். சோதோமின் அக்கிரமம் என்று எசேக்கியேல் 16:49 எதைச் சொல்கிறது என்றும் பாருங்கள்: பெருமை, வயிறு நிறைந்த வாழ்வு, கவலையற்ற சுகம், எளியவனுடைய கையைப் பலப்படுத்தாமை. அதன் பிறகுதான் அடுத்த வசனத்தில் அருவருப்பு வருகிறது.

குடி?

ஏசாயாவின் ஆறு ஐயோக்களில் இரண்டு குடியைப் பற்றியவை, அது போதும். 2003 முதல் தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பதும் அரசே. தன் தோழனுக்குக் குடிக்கக் கொடுக்கிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் 2:15 சொல்வதை ஆட்சிக்கு வரும் ஒவ்வொரு கட்சியும் வாசிக்க வேண்டும். குடிக்கிறவனைச் சபையில் அவமானப்படுத்துவதைவிட அவன் மனைவி பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வழி பார்ப்பது முதல் வேலை.

"கோயில் திருவிழா, சிலை வணக்கம், இதனால்தான் நாடு கெடுகிறது என்று ஒரு பிரசங்கியார் சொன்னார். சரியா?"

இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆமோஸ் புத்தகத்தின் முதல் அதிகாரமும் இரண்டாவதின் தொடக்கமும் அக்கம்பக்கத்து நாடுகளைப் பற்றியவை. தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப். எல்லாமே சிலைகளை வணங்கிய நாடுகள். அவர்கள் மேல் தேவன் வைத்த குற்றச்சாட்டு என்ன? கீலேயாத்தை இரும்பு யந்திரங்களால் போரடித்தார்கள். சிறைப்பட்ட ஜனங்களை மொத்தமாக ஏதோமியருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். சகோதர உடன்படிக்கையை மறந்தார்கள். பட்டயத்தோடு சகோதரனைத் துரத்தினார்கள். கர்ப்பிணிகளைக் கீறினார்கள். ஏதோம் ராஜாவின் எலும்புகளைச் சுட்டார்கள். அத்தனையும் மனுஷனுக்கு மனுஷன் செய்த கொடுமை. சிலையைப் பற்றி அங்கே ஒரு வரிகூட இல்லை. வேதப்பிரமாணத்தை வெறுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு யூதாவுக்கு வருகிறது, ஏனென்றால் பிரமாணம் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டிருந்தது.

ஒரே தேவனைத்தான் தொழ வேண்டும் என்பது என் விசுவாசம். அதில் எனக்கு ஊசலாட்டம் இல்லை. அத்தேனே பட்டணத்தில் சிலைகளைக் கண்டு பவுலின் ஆவியும் வைராக்கியமடைந்தது. ஆனாலும் அவர் அவர்களோடு உட்கார்ந்து நியாயம் பேசினார், அவர்களைத் திட்டவில்லை. குன்றக்குடிக்குப் பாதயாத்திரை போகிற பக்கத்து வீட்டு அண்ணன் கொரோனா நாட்களில் நம் வீட்டு வாசலில் காய்கறி வைத்துவிட்டுப் போனவர். வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை தர்மத்துக்கு எடுத்து வைக்கும் வழக்கம் நகரத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக உண்டு. காரைக்குடியில் ஆராய்ச்சி நிலையம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். இன்று அதை செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) என்கிறோம். நியாயப்பிரமாணமில்லாத புறஜாதியாரும் சுபாவமாய் நியாயப்பிரமாணத்தின்படி செய்கிறார்கள் என்று ரோமர் 2:14 சொல்வது இதைத்தான். அந்த அண்ணன் வணங்கும் இடத்தை ஒலிபெருக்கியில் பழிப்பது சுவிசேஷமும் ஆகாது, தீர்க்கதரிசனமும் ஆகாது.

அப்படியென்றால் சபைக்குள் எந்த அடையாளங்களைப் பார்க்க வேண்டும்?

"நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவக்குங்காலமாயிருக்கிறது" (1 பேதுரு 4:17). இந்தப் பக்கம் முழுவதிலும் நான் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது.

யோசியா ராஜாவின் பதினெட்டாம் வருஷத்தில் ஆலயத்தைப் பழுது பார்க்கிறார்கள். அப்போது பிரதான ஆசாரியன் இல்க்கியா, நியாயப்பிரமாண புஸ்தகத்தைக் கண்டுபிடித்தேன் என்கிறான் (2 இராஜாக்கள் 22). எங்கே கண்டுபிடித்தான்? ஆலயத்துக்குள்ளேயே! பலி நடந்தது, தூபம் எரிந்தது, காணிக்கைப் பெட்டி நிறைந்தது, வேதம் மட்டும் காணாமல் போயிருந்தது. அது காணவில்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. வாசிக்கக் கேட்ட ராஜா தன் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான். ஊரில் இருந்த பெரிய ஆட்களை விட்டுவிட்டு, உல்தாள் என்ற தீர்க்கதரிசியாகிய ஒரு பெண்ணிடம் போய்க் கேட்டார்கள். நம் சபைகளில் பாட்டும் ஒலியமைப்பும் நன்கொடை அறிவிப்பும் முடிந்த பிறகு வேத வாசிப்புக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று கவனியுங்கள்.

எரேமியா 7-ல் ஜனங்கள் "கர்த்தரின் ஆலயம், கர்த்தரின் ஆலயம்" என்று சொல்லிக்கொண்டே திருடி, விபசாரம் செய்து, பொய்யாணையிட்டு, பிறகு உள்ளே வந்து தப்பினோம் என்கிறார்கள். அந்த ஆலயம் கி.மு. 586 வாக்கில் பாபிலோனியரால் எரிந்துபோனது. தலைவர்கள் லஞ்சத்துக்கு நியாயம் தீர்ப்பதும், ஆசாரியர்கள் கூலிக்கு உபதேசிப்பதும், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறி சொல்வதும் மீகா 3:11-ல் இருக்கிறது.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். 1961-லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. நம் சபைக் கல்யாணங்களில் இன்றும் எத்தனை சவரன் என்று பேசி முடித்துவிட்டுத்தான் நாள் குறிக்கிறார்கள். போதகருக்கும் தெரிகிறது. அவரே பீடத்தில் நின்று ஆசீர்வதிக்கிறார். சாதி பார்த்துத்தான் சம்பந்தம். சில இடங்களில் கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு. "நம்மெல்லாருக்கும் ஒரே பிதா இல்லையோ" என்ற மல்கியா 2:10-ஐப் பிரசங்கத்தில் கேட்டு எத்தனை வருஷமாகிறது? தீண்டாமையை வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கும் சபைக்கு நாட்டின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச வாயே இல்லை.

2 நாளாகமம் 7:14-ஐ வைத்து இந்தியாவுக்காக ஜெபிக்கலாமா?

என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, ஜெபம்பண்ணி, பொல்லாத வழிகளை விட்டுத் திரும்பினால் அவர்கள் தேசத்துக்கு க்ஷேமம் கொடுப்பேன் என்கிற வசனம் அது. ஜெபிக்கலாம், ஆனால் அது யாரிடம் சொல்லப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை பண்ணினபோது இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்ட வாக்கு அது. இந்தியா அந்த உடன்படிக்கைத் தேசம் இல்லை. எந்த தேசத்து ஜனமும் தன் பொல்லாப்பை விட்டுத் திரும்பினால் தேவன் தாம் செய்ய நினைத்த தீங்கைச் செய்வதில்லை என்று எரேமியா 18:7-8 பொதுவாகச் சொல்கிறது. நினிவேக்கு நாற்பது நாள் என்று கெடு வைக்கப்பட்டது, ஜனங்கள் மனந்திரும்பினார்கள், நகரம் நின்றது. யோனாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. நமக்குள்ளும் ஒரு யோனா இருக்கிறான், நாடு அழிந்தால் நாம் சொன்னது சரியாகிவிடும் என்று காத்திருக்கிறான். நான் அதிகம் பயப்படுவது அவனுக்குத்தான்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியது வேறு விதம்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் (29:5-7). அதைப் பிடித்துக்கொண்டு ஜெபியுங்கள்.

வாட்ஸ்அப்பில் கடைசி நாள் பற்றித் தேதியோடு வரும் செய்திகளை நம்பலாமா?

வேண்டாம். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவர் தவிர வேறு யாரும் அறியார்கள் (மத்தேயு 24:36). யுத்தம், பஞ்சம், பூமியதிர்ச்சி இவற்றைக் கேட்கும்போது கலங்காதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்றும், முடிவு உடனே வராது என்றும் இயேசு சொல்லியிருக்கிறார். சொன்னது நடக்காவிட்டால் அந்தத் தீர்க்கதரிசிக்குப் பயப்பட வேண்டாம் என்பது உபாகமம் 18:22. தேதி தவறிய பிறகும் அதே ஆட்களுக்குக் காணிக்கை அனுப்புகிற வீடுகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. பெரும்பாலும் விதவைகள், தனியாக இருக்கும் தாய்மார்கள்.

அதே அதிகாரத்தில் அதிகம் பகிரப்படாத ஒரு அடையாளம் இருக்கிறது: அக்கிரமம் மிகுதியாவதால் அநேகருடைய அன்பு தணிந்துபோம் (24:12). பூமியதிர்ச்சியை அளக்கக் கருவி உண்டு. இந்த அடையாளத்தைப் பார்க்க, ஆறு மாசமாக யாரும் எட்டிப் பார்க்காத ஒரு வயதான ஐயா வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் போதும்.

"இதெல்லாம் கேட்டா பயமாத்தான் இருக்கு. நான் ஒருத்தி என்ன செய்ய முடியும்?"

எசேக்கியேல் 9-ல் எருசலேமுக்கு அழிவு வரும்போது, பட்டணத்தில் செய்யப்படும் அருவருப்புகளுக்காகப் பெருமூச்சுவிட்டு அழுகிறவர்களின் நெற்றியில் முதலில் அடையாளம் போடச் சொல்கிறார் தேவன். அழுவது வீண் இல்லை. தானியேல் 9-ல் தானியேல் ஜெபிக்கும்போது "அவர்கள் பாவம் செய்தார்கள்" என்று சொல்லவில்லை, "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்கிறார். உத்தமனாக வாழ்ந்த மனுஷன் அவர்.

அழுத பிறகு செய்ய வேண்டியதற்கு லூக்கா 3-ஐ எடுங்கள். யோவான் ஸ்நானனிடம் ஜனங்கள் "நாங்கள் என்னசெய்யவேண்டும்" என்று மூன்று முறை கேட்கிறார்கள். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கும் ஆயக்காரருக்கு: கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகருக்கு: யாருக்கும் இடுக்கண் செய்யாதே, சம்பளமே போதும் என்று இரு. ஒருவரையும் அவர் வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை, அவரவர் வேலையிலேயே திருந்தச் சொன்னார்.

ஆகவே நீங்கள் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தால் மேசைக்குக் கீழே கை நீட்டாதீர்கள். பலசரக்குக் கடை வைத்திருந்தால் தராசைச் சரி பாருங்கள். வீட்டில் வேலைக்கு ஆள் இருந்தால் மாசம் முடிந்ததும் சம்பளத்தைக் கையில் கொடுங்கள். மகனுக்குப் பெண் பார்த்தால் நகை பேசாதீர்கள். பெண் வீட்டார் தாமாகவே போடுகிறோம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அக்கா, இதில் கடைசியானதை ஒரு தாய் நினைத்தால் ஒரு குடும்பத்தில் அப்போதே நிறுத்த முடியும்.

வாசிக்க எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஆமோஸ். ஒன்பது அதிகாரம், ஒரே உட்காரலில் வாசித்துவிடலாம். அடுத்து மீகா ஏழு அதிகாரம். பிறகு ஏசாயா 1-ம் 5-ம், எரேமியா 7, நெகேமியா 5, எசேக்கியேல் 33, யோனா முழுவதும், லூக்கா 3. குடும்பமாக வாசிப்பதானால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், பிள்ளைகளில் ஒருவர் சத்தமாக. வாசிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர், எதிர்க்கட்சிக்காரர், வேறு சபைக்காரர் யாருடைய பெயரும் வாயில் வரக் கூடாது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புரியாத இடத்தைக் குறித்து வையுங்கள், அடுத்த கூட்டத்தில் சேர்ந்து பார்ப்போம்.